சரவணையில் கப்று தேடினால் காணி பிடிப்பா?

நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

சில வாரங்களாக நாங்கள் குடும்பமாகச் சரவணையில் ஒரு பழைய வயற்காணியின் ஓரத்தில் எங்கள் மூத்தவர்களின் கப்றுகளைத் தேடி வருகிறோம். அதை யாரோ படம் எடுத்து, "தொப்பிக்காரர் காணி பிடிக்க வந்துவிட்டார்கள்" என்று எழுதிப் போட்டார். பகிர்ந்தவர்களில் எங்களிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் பதில் எழுதுகிறோம்.

அந்தக் காணி எங்களுடையது அல்ல. எப்போதும் எங்களுடையதாக இருந்ததும் இல்லை. எங்கள் மூத்தவர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கமம் செய்தவர்கள். மையவாடி தூரம், மாரியில் பாதையெல்லாம் வெள்ளம். காணிக்காரர் ஒரு சைவப் பெரியவர். மேட்டு மூலையைக் காட்டி, "இதிலேயே அடக்குங்கோ" என்று சொன்னாராம். காகிதம் எழுதவில்லை. எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அவருக்கு அது அவமானமாக இருந்திருக்கும். அப்படி வாய்ச்சொல்லில் வாழ்ந்த ஊர் இது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30. இரண்டு மணி நேர அவகாசம்தான் தந்தார்கள். வடக்கு முழுவதிலும் 70,000 பேருக்கு மேல் இடம்பெயர்ந்தோம். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினோம். ஒரு பையோடு போனவர்கள் கப்றை எதில் வைத்துக் கொண்டுபோவது? போர் தீவகத்துக்கும் வந்தது. அயலில் இருந்த சைவ, கிறிஸ்தவக் குடும்பங்களும் போய்விட்டன. அடக்கியவர்களும் இல்லை, அடக்கியதைப் பார்த்தவர்களும் இல்லை. மிச்சமிருந்தது பற்றைக்காடு.

இப்போது எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு வருவோம்.

"கல்லறை எங்கே? ஒன்றையும் காணவில்லையே?"

எங்கள் வழக்கத்தில் கப்றுக்கு மேல் கட்டடம் எழுப்புவதில்லை. மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு மீசான் கட்டை நடுவோம். உப்புக்காற்றில் அது எத்தனை வருடம் நிற்கும்? உள்ளே மூடிய பலகை உக்கினால் மேல் மண்ணும் இறங்கிவிடும். ஆகவே நாங்கள் தேடுவது மேட்டை அல்ல, பள்ளத்தை. தலை வடக்கே, கால் தெற்கே, முகம் மேற்கே கிப்லாவை நோக்கியபடி அடக்குவது எங்கள் முறை. மழை விட்ட பிறகு வடக்குத் தெற்காக, ஆள் நீளத்தில், பக்கம் பக்கமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அந்த மூலையில் இருக்கிறது. அயலில் கமம் செய்த ஓர் ஐயா சொன்னார்: "அந்த மூலைக்கு ஏர் விடக்கூடாது எண்டு எங்கட அப்பு சொல்லுவார். ஏன் எண்டு நான் கேட்டதில்லை." இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"உறுதி எங்கே? வரைபடத்தில் இருக்கிறதா?"

ஓர் அலுவலகத்திலும் இதையே கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். உறுதியில் பரப்பும் குழியும் நாலு எல்லையும் எழுதுவார்கள். வாயால் கொடுத்த மூலையை யார் எழுதினார்கள்? 2025 மார்ச் 28 இல் அரசு ஒரு வர்த்தமானி போட்டது நினைவிருக்கிறதா? வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி என்றார்கள். அன்று நாங்கள் எல்லோரும் கொதித்தோம். இடம்பெயர்ந்து, பத்திரங்களை இழந்து, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது இது என்ன நியாயம் என்று கேட்டோம். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் பின்வாங்கியது. அன்று அரசிடம் அநியாயம் என்று சொன்ன அதே கேள்வியை இன்று அயலவனிடம் கேட்பது எப்படி நியாயமாகும்?

சாட்டி துயிலும் இல்லத்தை இடித்த வேதனையை வேலணை மக்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கல் இல்லாவிட்டாலும் பிள்ளை அங்கேதான் இருக்கிறான் என்று ஒவ்வொரு நவம்பர் 27 இலும் அங்கே விளக்கேற்றும் தாய்க்கு எங்கள் தேடல் விளங்கும். எங்களை வெளியேற்றிய இயக்கத்தின் பிள்ளைகள்தான். ஆனாலும் அந்தக் குழிகளை உழுதது பிழை என்றே நாங்கள் சொல்கிறோம்.

எங்களுக்கும் மண் மறுக்கப்பட்டது. 2020 இல் கொரோனாவைக் காட்டி எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2021 மார்ச்சில் முதலில் இரணைதீவு என்றார்கள். கடற்படையிடமிருந்து தங்கள் மண்ணை அப்போதுதான் மீட்டிருந்த அந்த மக்கள் எதிர்த்தார்கள், அது அவர்களின் நியாயம். பிறகு ஓட்டமாவடியில் 3,600 பேருக்கு மேல் அடக்கப்பட்டார்கள். அதில் பிற மதத்தவரும் உண்டு. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. ஆறடி மண்ணின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களில் சிலருக்கும் ஒரு வார்த்தை. "கப்று தேடுவது கப்று வணக்கம்" என்று குரல் பதிவு அனுப்புகிறீர்கள். குப்பா கட்டப்போகிறோம், கந்தூரி வைக்கப்போகிறோம் என்று யார் சொன்னது? கப்றின் மேல் உட்காருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படியிருக்க, அதன் மேல் பெக்கோ ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் மார்க்கமா?

வெறும் நிலம் என்று நினைத்த இடமெல்லாம் வெறும் நிலம் அல்ல. நியூயோர்க்கில் 1991 இல் அரச கட்டடம் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டியபோது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் புதைகுழிகள் வந்தன. 400 பேருக்கு மேல். கறுப்பின மக்கள் போராடி வேலையை நிறுத்தினார்கள். 2006 முதல் அது தேசிய நினைவிடம். செம்மணியில் 2025 இல் நிலத்துக்குள் பார்க்கும் ராடார் கொண்டுவந்தார்கள். சரவணைக்கு ராடார் தேவையில்லை. எழுபது, எண்பது வயதானவர்கள் வாய் திறந்தால் போதும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

காணிக்காரருக்கு: பற்றை வெட்ட பெக்கோ இறக்கும்போது அந்த மூலையைத் தொடவேண்டாம். வேலி எங்கள் செலவில். உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

அற்றோனித் தத்துவத்தில் காணி விற்றுக் கொடுப்பவர்களுக்கு: விற்க முன்னர் அயலில் ஒரு முதியவரிடம் கேளுங்கள்.

கிராம அலுவலர்களுக்கும் பிரதேச சபைக்கும்: தீவகத்தின் பழைய அடக்க இடங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்குங்கள். எங்கள் கப்றுகளுக்கு மட்டுமல்ல, சைவக் குடும்பங்கள் புதைத்த சிசுக்களுக்கும், சமாதிகளுக்கும், கிறிஸ்தவக் கல்லறைகளுக்கும்.

சரவணைப் பக்கத்து ஐயாமார், அம்மாமார், புத்தளத்தில் இருக்கும் எங்கள் மூத்தவர்கள்: ஞாபகம் உள்ளதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள். ஒரு பனை, ஒரு கிணறு, ஒரு ஒழுங்கை என்று எது ஞாபகம் வந்தாலும் போதும்.

மாரிக்கு முன் உழவு தொடங்கிவிடும். அதற்கு முன் வேலி போட வேண்டும்.