கத்தரிக்கோல் வேண்டாம்!

நூல்கண்டு சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? அவசரக்காரர் கத்தரிக்கோலைத் தேடுவார். பொறுமைசாலி நுனியைத் தேடுவார். என் அக்கா இரண்டாவது ரகம். போன ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷின் அருகே உட்கார்ந்து அவள் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் பிள்ளை ஒரு படத்தை என்னிடம் நீட்டினான்.

"மாமா, இதைப் பாருங்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் இஞ்சின்!"

அக்கா எட்டிப் பார்த்தாள். "இஞ்சின் எங்கேடா இருக்கிறது? யாரோ இடியாப்பத்தைக் கொட்டி வைத்த மாதிரியல்லவா இருக்கிறது!"

அவள் சொன்னதில் தவறில்லை. ஜப்பானில் 1991 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2002 வரை தயாரான அந்த மாடலில், சன்னமான ரப்பர் குழாய்கள் டஜன் கணக்கில் பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் அந்தக் காரை வைத்திருப்பவர்கள் இந்தச் சிக்கலுக்குச் சூட்டிய செல்லப் பெயர் 'எலிக்கூடு'!

இத்தனை குழாய் எதற்கு? இஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வரும் வாசல் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். இஞ்சினோ உறிஞ்சுவதை நிறுத்தாது. இளநீர் குடிக்கும் குழலின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் கன்னம் ஒட்டிக்கொள்கிறதே, அதே கதைதான். இந்த இழுப்பைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பல வேலை வாங்குகிறார்கள். லேசாக மிதித்ததும் பிரேக் பிடிப்பதுகூட அதன் உதவியால்தான்.

டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. ஆகவே, இழுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே அடுத்த நிமிஷம் காற்று தள்ளும். இந்த மாஸ்டாவில் டர்போ ஒன்றல்ல, இரண்டு. மெதுவாகப் போகும்போது ஒன்று மட்டும். இஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 4500 சுற்றை எட்டும்போது மற்றதும் சேர்ந்துகொள்ளும். மூத்த மருமகள் சமையலை ஆரம்பிக்க, விருந்தினர் கூடியதும் இளையவளும் கரண்டியை எடுக்கிற மாதிரி! இதற்கான கதவுகளைத் திறந்து மூடுவது அந்தக் குழாய்களின் காற்றுதான்.

இஞ்சின் சூட்டில் ரப்பர் வருஷக்கணக்காக வெந்து, விறைத்து, வெடிக்கிறது. எங்கோ ஒரு கீறல். இளையவள் சமையலறைப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள்!

"அதனால்தான் மாமா, பலர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரே பெரிய டர்போவாக வைத்துவிடுகிறார்கள். நம் வண்டியிலும் டர்போதானே? இரண்டு மூன்று குழாயை வெட்டி எறிந்தால் இஞ்சின் பளிச்சென்று தெரியும்!"

அக்கா நிமிர்ந்தாள். "நாளைக் காலை அந்த வண்டியை ஆபீசுக்கு ஓட்டப் போவது நான்! குழாய் வைத்தவன் பைத்தியக்காரனா? எது எதற்கென்று தெரியாமல் வெட்டுவாயோ?"

கேள்வி நியாயமானது. அந்த மாஸ்டாவில் ஒற்றை டர்போ வைத்தால், இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கும் குழாய்கள் தேவையில்லை. ஆனால் பெரிய டர்போ வேகம் பிடிக்கத் தாமதமாகும். புகையைக் கட்டுப்படுத்தும் குழாய்களில் கை வைத்தால் சட்டமும் குறுக்கே வரும்.

வேறு சில குழாய்களோ எப்படி மாற்றினாலும் இருந்தே தீரவேண்டும். டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல், புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவுக்கு 'வேஸ்ட்கேட்' என்று பெயர். அதன் குழாய் கழன்றால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, இஞ்சினையே உடைத்துவிடக்கூடும். பெட்ரோலின் அழுத்தத்தைச் சீர்செய்யும் கருவிக்குப் போவது இன்னொன்று. அது போனால், காற்று மிகுந்த நேரத்தில் பெட்ரோல் போதாது. மூன்றாவது, பிரேக் குழாய். டர்போ தள்ளும் காற்று உள்ளே புகாதபடி அதில் ஒருவழி வால்வு உண்டு. அதைத் திருப்பி மாட்டினால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

பின் எப்படித்தான் சிக்கெடுப்பது? முதலில் படம் வரைந்துகொண்டு, குழாய்க்குக் குழாய் பெயர்ச் சீட்டுக் கட்டவேண்டும். ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். சூட்டைத் தாங்கும் சிலிக்கோன் குழாய் நல்லது; ஆனால் பெட்ரோலோ எண்ணெயோ போகிற இடத்தில் ஆகாது, ஊறி உப்பிவிடும். குழாய் குட்டையாக, மடங்காமல், சூடான பாகத்தில் படாமல் போகவேண்டும். குழாயை எடுத்துவிட்ட மூக்கை மூடி போட்டு அடைக்க மறக்கக் கூடாது.

"எங்கள் வீட்டில் மாஸ்டா இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே! இன்று நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றிலும் டர்போ இருக்கிறது. வண்டி நிற்கும்போது பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று விடாமல் சத்தம் கேட்டாலோ, பிரேக் பெடல் திடீரென்று கெட்டியானாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டவேண்டாம். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

அக்கா நூல்கண்டை எங்கள் முன் வைத்தாள். "ஒரு முழம்கூட வெட்டவில்லை!" என்றாள்.

மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை என் மருமான் சத்தமில்லாமல் டிராயருக்குள் வைத்தான்.