குளிர்கால இரவும் நம் வீட்டுப் பெரியவர்களும்



மார்கழியும் தையும் வந்துவிட்டால் நீலகிரியில் வாழ்வோருக்கு உறைபனி புதிதன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில், சில விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. சுப்ஹு பாங்கு ஒலிக்கும் வேளையில் உளூச் செய்யக் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. இளைஞர்களுக்கே இந்நிலை என்றால், எழுபதைக் கடந்த நம் பெரியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், நம் மதரஸாவுக்குப் பாடம் ஓத வந்த சிறுவன் ஒருவன் தலைவலி தாளாமல் பாயிலேயே சுருண்டு படுத்துவிட்டான். விசாரித்தபோது, வீட்டில் எல்லோருக்குமே தலைவலி என்றும், நன்னியை எழுப்பியும் எழவில்லை என்றும் சொன்னான். ஓடிச் சென்று பார்த்தோம். சன்னல்கள் அனைத்தும் சாத்தப்பட்ட அறையில், கட்டிலுக்கடியில் கணப்புச் சட்டி இருந்தது. தணல் இன்னும் முழுதாக அவியவில்லை. அந்த மூதாட்டியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகனிடம், “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஹஜரத், கரண்ட் போர்வை ஒண்ணு வாங்கித் தரலாம்னுதான் இருந்தேன். அம்மாதான் வேண்டாம்னுட்டாங்க. நீங்க பயான்ல சொன்னீங்களாம், அதெல்லாம் சொகுசு, வீண் விரயம்னு.”

நாம் வாயடைத்து நின்றோம். ஆம், சொன்னவர் நாமேதான். ஆடம்பரத்தைக் கண்டித்துப் பேசிய ஒரு ஜும்ஆவில், பட்டியல் நீளட்டும் என்று மின்போர்வையையும் அதில் சேர்த்திருந்தோம். விலை என்ன, எவ்வளவு மின்சாரம் இழுக்கும், யாருக்குத் தேவை என்று எதையும் விசாரிக்கவில்லை. அதைத் திருத்துவது நம் கடமை என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

முதலில் கணப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மூடிய அறையில் கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பின்னர் மயக்கம். உறங்குபவருக்கு இந்த அறிகுறிகள் தெரிவதேயில்லை. உறக்கத்திலிருந்து நேராக மரணத்துக்குப் போய்விடுகிறார். மலை ஊர்களில் இவ்வாறு உயிரிழந்தோரைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்தே வருகிறோம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளிருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. அதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்கு எதிரி என்றும், உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உள்ளது. இதை எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். நம் மஹல்லாவின் கட்டில்களுக்கடியில் கிடக்கும் தணல் மட்டும் நம் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து, விரயம் என்னும் வாதத்துக்கு வருவோம். ஒருவர் படுக்கும் மின்போர்வை பெரும்பாலும் 60 முதல் 100 வாட் வரையே எடுக்கும். அறையைச் சூடாக்கும் ஹீட்டரோ 2,000 வாட் வரை எடுக்கும். ஹீட்டர் அறை முழுவதையும் காய்ச்ச வேண்டும். போர்வைக்குப் படுக்கையைச் சூடாக்கினால் போதும். 100 வாட் போர்வையை நாளொன்றுக்கு 2 மணி நேரம் பயன்படுத்தினால் 0.2 யூனிட், 30 நாளைக்கு 6 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 30 ரூபாய். அதே 2 மணி நேரம் 2,000 வாட் ஹீட்டர் ஓடினால் 120 யூனிட், 600 ரூபாய். இந்த 6 யூனிட்டுக்காக நம் வீடுகளில் ஒரு தாய் நடுங்க வேண்டுமா?

அந்நஹ்ல் அத்தியாயம் கால்நடைகளிலிருந்து மனிதன் பெறும் கதகதப்பை அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணிச் சொல்கிறது (16:5). அருட்கொடை என்று இறைவன் சொன்னதைச் சொகுசு என்று நாம் சொல்லிவிட்டோம். சிரமத்திலும் உளூவை முழுமையாகச் செய்வதற்கு நன்மை உண்டு என்பது உண்மை. ஆனால் அது வந்து சேரும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வதற்கான நன்மை. சிரமத்தைத் தேடிச் சென்று முதியவர் தலையில் ஏற்றுவதற்கானதன்று. கதகதப்பு சோம்பலைத் தரும், சுப்ஹு தவறிப்போகும் என்போரும் உண்டு. இரவெல்லாம் மூட்டு வலியில் விழித்துக் கிடந்தவரைவிட, நன்றாக உறங்கியவரே பாங்கோசைக்கு எளிதில் எழுகிறார் என்பதே நாம் கண்டது.

ஆயினும் மின்போர்வையும் நெருப்பின் உறவுதான். ஹதீஸின் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். படுப்பதற்கு அரை மணி நேரம் முன் போட்டுப் படுக்கையைச் சூடாக்குங்கள். உறங்கும்போது அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். தேவையானால் சுப்ஹுக்கு எழுந்து உட்காரும் வேளையில் மீண்டும் போடலாம். அதை மடித்து வைக்காதீர்கள், சுருட்டி வையுங்கள். மடிப்பில் உள்ளிருக்கும் கம்பி முறியும். ஈரம் பட்டதையும், ஒயர் தேய்ந்ததையும், கருகிய தடம் உள்ளதையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம். சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குன்றியவருக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். அவர்களும் தாமாக எழுந்து விலக இயலாதவர்களும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். குளிர்காலத்தில் ஸதகாவாகப் போர்வை வழங்குகிறோம். தனியே வாழும் முதியவர் வீட்டுக்கு மின்போர்வை கொடுப்பதற்கு முன், எலக்ட்ரீஷியன் ஒருவரை அனுப்பி ஒயரிங்கையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பழைய லைன் வீடுகளில் அது சரியில்லையென்றால் நல்ல கம்பளி இரண்டு கொடுப்பதே மேல். மரம் விழுந்து மின்சாரம் நிற்கும் இரவுகளில் எப்படியும் கம்பளிதான் கைகொடுக்கும்.

அந்த மூதாட்டியைச் சென்று பார்த்து, நாம் பேசியது தவறு என்று சொன்னோம். “உஸ்தாதுமாரும் தப்பு சொல்வாங்களா?” என்று சிரித்தார். மறு வெள்ளியன்று மிம்பரிலும் அதையே சொன்னோம். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் அறைக்குள் ஒரு முறை சென்று, கட்டிலுக்கடியில் குனிந்து பாருங்கள்.

நம் பெற்றோரைப் பேணும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.