முதல் மொழி பைத்தான், அடுத்தது சி

கோவை சரவணம்பட்டி வட்டாரக் கல்லூரிகளின் முதலாண்டு நிரலாக்க ஆய்வகத்தில் இருவகை மாணவர்கள் அருகருகே உட்காருகிறார்கள். மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்தவர் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் படித்துவிட்டு வருகிறார். உயிரியல் பிரிவிலிருந்து வருபவருக்கோ கல்லூரியில் படிப்பதே முதல் மொழி. எதில் தொடங்குவது என்ற முடிவு அவரைத்தான் அதிகம் பாதிக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 விதிமுறையில் முதலாண்டு மொழி சி. 2017 விதிமுறை முதல் பருவத்தில் பைத்தானை வைத்தது. 2021 விதிமுறையும் அதைத் தொடர்ந்தது. இந்த மாற்றம் சரியானது. டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் சியை உருவாக்கியது யுனிக்ஸ் போன்ற அமைப்பு மென்பொருள் எழுத. பைத்தான், கற்பிப்பதையும் கருதி வடிவமைத்த ஏபிசி மொழியின் வழிவந்தது. உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் வரியில் ‘&’ விட்டுப்போனால் சி நிரல் பெரும்பாலும் பாதியில் விழுந்துவிடும்; காரணம் சொல்ல நினைவக முகவரிவரை போகவேண்டும். மடக்கே இன்னும் பிடிபடாதவருக்கு அது வீண்சுமை.

பைத்தானோடு நின்றுவிடவும் கூடாது. ஆய்வகத்தில் எல்லோரும் எழுதும் காரணீயப் பெருக்கல் நிரலுக்கு 12 கொடுத்தால் இரு மொழியிலும் 479001600 வரும். 13 கொடுத்தால் பைத்தான் 6227020800 என்று சரியாகச் சொல்லும். சியில் ‘இன்ட்’ என்று அறிவித்த 32 பிட் மாறியில் அது அடங்காது. வழக்கமான கணினியில் 1932053504 என்று வரும், பிழைச்செய்தி ஏதுமின்றி. தரவினத்தை விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

கோவைக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. கீரணத்தம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் காக்னிசன்ட் போன்ற சேவை நிறுவனங்களோடு, வாகன மின்னணுவியலுக்கு மென்பொருள் எழுதும் பாஷ் நிறுவனமும் இயங்குகிறது. பம்புசெட், நூற்பாலை இயந்திரம் போன்றவற்றின் கட்டுப்பாட்டுப் பலகைகளில் நினைவகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்க முடியும். அங்கே சி தெரியாமல் வேலை நடக்காது.

மாநிலப் பாடநூல் பதினொன்றாம் வகுப்பில் சி++ தொடங்குமுன் விவரக்குறிப்பு, சிக்கலைப் பிரித்தல், சுழற்சி, தற்சுழற்சி ஆகியவற்றுக்குத் தனி அத்தியாயங்கள் ஒதுக்குகிறது. அந்த வரிசை அருமையானது. உயிரியல் மாணவர்களுக்கு முதல் மாதத்தில் அவற்றையே நடத்தலாம். இரண்டாம் பருவத்தில் புதுக் கணக்குகளைத் தேடவேண்டாம். பைத்தானில் எழுதிய நிரல்களையே சியில் மீண்டும் எழுதச் சொன்னால், கவனம் முழுதும் மொழியின் நடத்தைமேல் இருக்கும். வளாகத் தேர்வை எண்ணி ஜாவாவை முன்னே இழுப்பதிலும் பயன் குறைவு; செயற்கூறுகளாகப் பிரித்து எழுதப் பழகிய மாணவருக்கு வகுப்பும் பொருளும் மூன்றாம் பருவத்தில் எளிதாகவே வந்துவிடும்.