ஜன்னலைக் கழற்றாதீங்க மாஷிமா!

பதிவு போட்டு ரொம்ப நாளாகிவிட்டது. ஆபீஸில் ஆணி அதிகம். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு நிம்மதியாகத் தூங்குவதாகத்தான் திட்டம். காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கார மாஷிமா ஒரு ஆளோடு மாடிக்கு வந்தார். ஆள் கையில் டேப், கக்கத்தில் கேட்லாக். என் அறையின் மூன்று ஜன்னல்களையும் அளந்தார். "எல்லாம் உளுத்துப் போச்சு. கழற்றிட்டு அலுமினியம் ஸ்லைடிங் போட்டுடலாம். மெயின்டனன்ஸ் ஃப்ரீ" என்றார், வங்காளமும் இந்தியும் கலந்து. மாஷிமா தலையாட்டினார். எனக்குத் தூக்கம் போச்சு. அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

புதிதாக வருபவர்களுக்கு: நான் இருப்பது சாந்த்ராகாச்சி. ஊரில் கொல்கத்தா என்று சொல்லிக்கொண்டாலும் ஹூக்ளிக்கு இந்தப் பக்கம், ஹவுரா. ஸ்டேஷனை ஒட்டிய ஏரியில் குளிர்காலம் வந்தால் ஆயிரக்கணக்கில் வாத்துகள் இறங்கும். இந்த ஊர்ச் சேனைக்கிழங்குக்கு வங்காளம் முழுக்கப் பேர். குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் மாடியில். சிவப்புத் தரை, பச்சை ஜன்னல்.

அந்தப் பச்சை ஜன்னலுக்கு இங்கே பேர் கொர்கொரி. மரச்சட்டத்துக்குள் சாய்வாக அடுக்கிய மெல்லிய பலகைகள். நடுவே செங்குத்தாக ஒரு குச்சி. குச்சியைத் தூக்கினால் எல்லாப் பலகையும் ஒன்றாகத் திரும்பும். சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) பார்த்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். படத்தின் ஆரம்பத்தில் சாரு ஜன்னல் ஜன்னலாகப் போய், பலகையைத் திருப்பி, கையில் பைனாகுலர் வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாளே, அந்த ஜன்னல்தான். அவளுக்குத் தெரு தெரியும், தெருவுக்கு அவளைத் தெரியாது.

இதை 'அழகு', 'பாரம்பரியம்' என்று புகழ்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அழகு என்று சொன்னவுடனே, "அழகெல்லாம் பணக்காரனுக்கு" என்று அந்த டேப் ஆசாமி ஜெயித்துவிடுவார். கொர்கொரி ஒரு கருவி. அதை மூடிய நிலையிலும் காற்று வரும். வெயில் வராது. சாரல் பலகையில் விழுந்து வெளியே வழியும். பக்கத்து வீட்டுப் பார்வை வராது. திருடனும் சுலபமாக வர முடியாது. இந்த ஐந்தையும் ஒரே நேரத்தில் செய்கிற ஜன்னல் எது என்று அந்தக் கேட்லாக்கில் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கத்திலும் இல்லை.

ஸ்லைடிங் ஜன்னல் என்ன செய்கிறது? நான்கடி அகல ஓட்டையில் இரண்டு கண்ணாடி. ஒன்றைத் தள்ளினால் இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். ஆக, முழு ஜன்னலுக்குக் காசு கொடுத்து பாதி ஜன்னல் வாங்குகிறோம். மே மாதப் புழுக்கத்தில் மனிதன் காற்றுக்கு ஏங்கும் ஊரில்! மழை வந்தால் அந்தப் பாதியையும் மூட வேண்டும். அலுமினியம் மரத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு சுலபமாக வெப்பத்தைக் கடத்தும். மேற்குச் சுவரில் மாலை நாலு மணிக்குச் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும். 2020 மே 20, ஆம்பன் புயல் இரவு இதே அறையில்தான் இருந்தேன். கொர்கொரி இரவெல்லாம் தடதடவென்று ஆடியது, கொஞ்சம் ஒழுகியது, அவ்வளவுதான். எதிர்வீட்டு ஸ்லைடிங்கில் தண்டவாளக் குழியில் தண்ணீர் தேங்கி, அறைக்குள் வழிந்து, அவர்கள் விடிய விடியப் பிழிந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கும் இதெல்லாம் தெரிந்த சங்கதிதான். ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியனிடமிருந்து வந்தது. வங்காளிக்கும் அதே இடத்திலிருந்துதான் 'ஜானாலா' வந்தது. அதற்கு முன்பே நம்மிடம் காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கண்ணாடியைப் பற்றியோ காட்சியைப் பற்றியோ பேச்சே இல்லை. காற்று வருகிற வழி, அவ்வளவுதான்.

இப்போது என் வண்டவாளம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் நாலு கதவு ஜன்னல்கள் இருந்தன. மேலே இரண்டு, கீழே இரண்டு, குறுக்கே இரும்புக் கம்பி. தாத்தா ரங்கூனில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, கொண்டு வந்த காசில் போட்ட பர்மா தேக்கு. மேல் கதவைத் திறந்து கீழ்க் கதவைச் சாத்தினால் வெளிச்சம் வரும், தெரு தெரியாது. அப்பா மதியம் தரையில் பாய் போட்டு, கீழ்க் கதவை மட்டும் திறந்து, தலையை ஜன்னல் பக்கம் வைத்துப் படுப்பார். 2012-ல் நான் இங்கிருந்து பணம் அனுப்பி, எல்லாவற்றையும் கழற்றி யுபிவிசி போட வைத்தேன். "இனிமே பெயின்ட் வேலையே இல்லப்பா" என்று போனில் பெருமையாகச் சொன்னேன். பழைய ஜன்னல்களை ஒரு வியாபாரி மொத்தமாகப் பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த கோடையில் போனபோது அப்பா திண்ணையில் படுத்திருந்தார். "உள்ள காத்து வரலடா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா தகவலாகச் சொன்னார். ஆறாவது வருடம் இரண்டு ஜன்னலில் உருளை தேய்ந்து, தாழ்ப்பாள் உடைந்தது. போட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டால், "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார், முழுசா மாத்திடுங்க" என்றார்கள். அப்போதுதான் உறைத்தது. மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்றால் பராமரிக்கத் தேவையில்லை என்று அர்த்தமில்லை. பராமரிக்கவே முடியாது என்று அர்த்தம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் அங்கே கண்ணாடிச் சட்டமாக, காபி டேபிளாக நிற்கும். நம்மிடம் குப்பை விலைக்கு வாங்கியதை ஹோட்டல்காரர் சுவரில் மாட்டுகிறார். உளுத்த மரத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? யோசிக்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்று. மியான்மர் 2014 ஏப்ரலில் தேக்குத் தடி ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த நாட்டு மர வியாபாரத்தின் மேல் அமெரிக்கத் தடை, ஐரோப்பியத் தடை. இன்று கடையில் 'தேக்கு' என்று வருவதில் பாதி இளமரம், வெளிறு அதிகம், வைரம் குறைவு. உங்கள் வீட்டுப் பழைய ஜன்னலில் இருக்கும் கட்டையை இனி வாங்க முடியாது. மரம் வெட்டுவது பாவம் என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அந்த மரம் வெட்டப்பட்டு எழுபது எண்பது வருடமாகிவிட்டது. அதைக் காப்பாற்ற இன்னொரு மரத்தை வெட்ட வேண்டாம்.

சரி, மாஷிமா கதைக்கு வருவோம். ஒரு மாதம் தவணை கேட்டேன். இருப்பதிலேயே மோசமான ஜன்னலை என் செலவில் சரி செய்கிறேன், பிடிக்கவில்லை என்றால் மூன்றையும் கழற்றுங்கள் என்றேன். தெருக்கோடியில் வயதான மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். வந்தவர் டேப்பே எடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். கீழ்ச்சட்டத்தில் கடைசி நாலு அங்குலம் மட்டும் பொதபொதவென்று உள்ளே போனது. மற்ற இடமெல்லாம் கல். ஐந்து பலகை உடைசல், ஒரு கீல் துரு. 'எல்லாம் உளுத்துப் போச்சு' என்றது இவ்வளவுதான்.

மர ஜன்னல் மக்குவது பெரும்பாலும் கீழேதான். தண்ணீர் நிற்கும் இடம், சட்டங்கள் சேரும் மூட்டு. மிஸ்திரி அந்த நாலு அங்குலத்தைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே ஜாதி மரத்தில், நார் ஓடும் திசை மாறாமல் ஒரு துண்டு செய்து ஒட்டி, மர ஆணி அடித்தார். பலகைகள் திரும்பாமல் இருந்ததற்குக் காரணம் மரமே இல்லை, பெயின்ட்! சுரண்டாமல் மேலே மேலே அடித்து அடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், நெருப்பு காட்டாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பிறகு வெட்டு முனைகளுக்குப் பிரைமர் ஊற ஊறக் கொடுத்து, மெலிதாக இரண்டு கோட். நாலு நாள் வேலை. டேப் ஆசாமி சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

லண்டனில் வில்லியம் மோரிஸ் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றுவரை சொல்லி வருவதும் இதைத்தான்: மாற்றுவதற்கு முன் பழுது பார். எங்கள் மிஸ்திரிக்கு மோரிஸைத் தெரியாது.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். கொசு? உள்பக்கம் வலைச்சட்டம் போடுங்கள், டெங்கு ஊரில் அது எந்த ஜன்னலுக்கும் வேண்டியதுதான். ஏசி? ஏசி அறைக்கு உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு சேர்க்கலாம், பழைய கொல்கத்தா வீடுகள் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும். புது ஃபிளாட்? மேலே சன்ஷேட் இல்லாத மொட்டைச் சுவரில் மரம் போடாதீர்கள், மழை தின்றுவிடும். சன்ஷேட் இருந்தால் நன்றாக உலர்ந்த, வைரம் பாய்ந்த வேங்கையோ தேக்கோ போடுங்கள். கட்டையின் ஓரத்தில் வெளுப்பாகப் பட்டை தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். ஜன்னலின் கீழ்க்கட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும், அடியில் தண்ணீர் சொட்ட ஒரு காடி போடச் சொல்லுங்கள். பட்ஜெட் இல்லை, அலுமினியம்தான் என்றால் அதில் தப்பில்லை. ஆனால் தள்ளுகிற ஜன்னல் வேண்டாம், முழுசாகத் திறக்கிற ஜன்னல் போடுங்கள்.

எழுத்தாளர் அமித் சௌத்ரி 2015-லிருந்து கொல்கத்தாவின் சாதாரண வீடுகளுக்காகப் பேசி வருகிறார். அரண்மனைக்கும் சர்ச்சுக்கும் பாரம்பரியப் பட்டியல் இருக்கிறது. நடுத்தரக் குடும்பம் கட்டிய வீட்டுக்கு, அதன் பச்சை ஜன்னலுக்கு, பட்டியல் இல்லை. புரொமோட்டர் வந்தால் வீடே போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் புரொமோட்டர் வருவதற்கு முன்பே நாமே ஜன்னல் ஜன்னலாகக் கழற்றிக் கொடுக்க வேண்டுமா?

நேற்று மாஷிமா மாடிக்கு வந்தார். குச்சியைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "கொதோ பொர்லோ?" என்றார். எவ்வளவு ஆச்சு? சொன்னேன். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு டேப் ஆசாமி மறுபடி வருகிறாராம்.

பி.கு: அன்று அவர் வந்து மணி அடிப்பதற்குள் மிஸ்திரியைக் கூட்டிவந்து இரண்டாவது ஜன்னலைக் கழற்றிப் போட்டுவிடுவதாக இருக்கிறேன். பாதி வேலையில் கிடக்கிற ஜன்னலை எப்படி அளப்பார், பார்க்கலாம் :-)