காருக்கு நாமே அலாரம், ரிமோட் ஸ்டார்ட் பொருத்தலாமா?

சுங்கை பாக்காப் - தென் செபராங் பிறை வட்டாரத்தில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது எளிதல்ல. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவான் இன்று தொழிற்பேட்டை. 2014-ஆம் ஆண்டு இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அங்கு வேலை வாய்ப்புகளும் பெருகின. சுங்கை பாக்காப், ஜாவி, வால்டோர், நிபோங் திபால் பகுதிகளிலிருந்து ஷிப்டு வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு இரவு நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. வாசலில் நிற்கும் பழைய வீராவோ கஞ்சிலோதான் அவர்களைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது.

அந்தக் காரைக் காப்பாற்ற, இணையச் சந்தையில் அலாரம் பெட்டி வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. அதே பெட்டியில் ரிமோட் ஸ்டார்ட் வசதியும் சேர்ந்து வருகிறது. புரோட்டோன் எக்ஸ்70 போன்ற புதிய கார்களில் இந்த வசதி தொழிற்சாலையிலேயே கிடைக்கிறது. ஏறுவதற்கு முன்பே கார் குளிர்ந்திருக்கும். நம் காரிலும் அப்படி இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் ஒரே பெட்டியில் வந்தாலும் இந்த இரண்டின் வேலையும் நேர் எதிரானது. அலாரம் காரை எடுக்க விடாமல் தடுப்பதற்கு. ரிமோட் ஸ்டார்ட், சாவி இல்லாமலே எஞ்சினை ஓட வைப்பதற்கு. பொருத்துவதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

திருடனைத் தடுப்பது எது?

சைரன் சத்தம் அக்கம் பக்கத்தாரை எழுப்பும். ஆனால் பூனை ஏறினாலும் லோரி கடந்தாலும் அலறும் அலாரத்தை நாளடைவில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காரை நகர விடாமல் செய்வது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிறு சில்லின் குறியீட்டைக் காரின் கணினி சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது.

இதன் பலத்துக்கு அமெரிக்காவே சாட்சி. இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹியுண்டாய் கார்களைத் திருடும் காணொளிகள் 2022-இல் சமூக ஊடகங்களில் பரவ, அங்கு திருட்டு பல மடங்கு கூடியது. 2023-இல் சுமார் 20 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு அந்நிறுவனங்கள் வந்தன. பக்கத்து நாடான கனடாவில் 2007 முதலே புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அதே நிறுவனங்களின் கார்கள் அங்கு இந்தச் சிக்கலில் மாட்டவில்லை.

நம் நாட்டில் புரோட்டோன் வீரா பல ஆண்டுகளாகத் திருடர்களின் விருப்பப் பட்டியலில் இருந்து வந்தது. அதன் உதிரிப்பாகங்களுக்கு இன்றும் கிராக்கி உண்டு. தொடக்ககால வீராவில் சில்லு சாவியும் கிடையாது. அப்படிப்பட்ட காருக்கு, ஸ்டார்ட்டர் வயரைத் துண்டிக்கும் ரிலேயுடன் கூடிய அலாரம் உண்மையிலேயே பயன் தரும்.

ரிமோட் ஸ்டார்ட்டின் மறுபக்கம்

சில்லு சாவி உள்ள காரில் ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்ய வேண்டுமானால் இம்மொபிலைசரை ஏமாற்றியாக வேண்டும். மலிவான முறையில், உபரிச் சாவியின் சில்லையே டேஷ்போர்டுக்குள் நிரந்தரமாக ஒளித்து வைத்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவியைக் கால் மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது போலத்தான் இது. நிறுவனம் கொடுத்த பாதுகாப்பை உரிமையாளரே கழற்றி வைத்ததாகிவிடும்.

மேனுவல் கியர் காரில் ஆபத்து இன்னும் நேரடியானது. மேட்டில் நிறுத்தும்போது ஒன்றாம் கியரில் விட்டு வைப்பது நம்மில் பலரின் பழக்கம். அந்த நிலையில் சமையலறையிலிருந்து ரிமோட்டை அழுத்தினால், ஸ்டார்ட்டர் மோட்டார் காரையே முன்னால் தள்ளும். காருக்கு முன் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆட்டோ கியரிலும், நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்சைத் தாண்டி வயர் இணைக்கப்பட்டால் இதே ஆபத்து உண்டு.

மூன்றாவது, புகை. தாமான் வீடுகளில் போர்ச்சை ஒட்டியே படுக்கையறை சன்னல் இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 2020 நவம்பரில் பினாங்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த காருக்குள் மூன்று இளம்பெண்கள் இந்த வாயுவால்தான் உயிரிழந்தார்கள். அடைத்த போர்ச்சில் காரைத் தானாக ஓட விடுவது வீட்டுக்குள்ளேயே அந்த வாயுவை வரவழைப்பதாகும்.

வெயிலுக்கு எளிய வழி உண்டு. கண்ணாடிக்குத் தடுப்பு அட்டை வையுங்கள். ஏறியதும் நான்கு சன்னல்களையும் இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டிய பிறகு ஏர்கோனைப் போடுங்கள்.

தானே பொருத்துபவர் கவனிக்க

அலாரத்தை மட்டும் பொருத்துவதென்றால், கைத்திறன் உள்ளவருக்கு முடியாத வேலை அல்ல. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. எந்த வயர் எதற்கு என்பதை நிறத்தை வைத்து ஊகிக்காமல் அந்த மாடலின் வயரிங் படத்தில் பாருங்கள். அளக்கும்போது மட்டும் பேட்டரியை மீண்டும் மாட்டி, டெஸ்ட் லைட்டுக்குப் பதில் மல்டிமீட்டரைப் பயன்படுத்துங்கள். இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கட்டும். அது இல்லாமல் வயர் உரசினால் கார் தீப்பிடிக்கும்.

துண்டிக்கும் ரிலேயை ஸ்டார்ட்டர் வயரில் மட்டும் வையுங்கள். பெட்ரோல் பம்பு வயரில் வைத்தால், ரிலே பழுதாகும் நாளில் ஜாவி டோலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணையும். ஸ்டியரிங் கனத்துப் போகும், பிரேக்கும் இறுகிவிடும்.

வேலை முடிந்ததும் கார் நிற்கும்போது அலாரம் இழுக்கும் மின்சாரத்தை அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஒரு மாதம் ஓட்டாமல் விட்டால் 36 ஆம்பியர்-மணி. கஞ்சில் போன்ற சிறிய காரின் பேட்டரி ஏறக்குறைய முழுவதும் காலியாகிவிடும்.

காப்புறுதியையும் மறக்க வேண்டாம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பணத்தை மிச்சப்படுத்த மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே எடுப்பது வழக்கம். அதில் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. கார் போனால் போனதுதான். முழுக் காப்புறுதி உள்ளவர்கள், வயரிங்கில் செய்யும் மாற்றத்தை முன்கூட்டியே முகவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பின்னாளில் காரில் தீப்பிடித்தால், சொல்லாமல் செய்த மாற்றமே இழப்பீட்டுக்குத் தடையாகலாம். புதிய காராக இருந்தால் மின்பாகங்களுக்கான உத்தரவாதமும் கைவிட்டுப் போகக்கூடும்.

நல்ல சேதியும் உண்டு. 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம். வாகனத்தின் பாதுகாப்பு அம்சங்களையும் அவை கணக்கில் எடுக்கலாம். ஆகவே வாங்கிய ரசீதையும் பொருத்திய வயர்மேனின் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

பெட்டியில் இருக்கிறது என்பதற்காக எல்லா வயரையும் இணைத்தாக வேண்டியதில்லை. அலாரத்தையும் ஸ்டார்ட்டர் ரிலேயையும் பொருத்திவிட்டு, ரிமோட் ஸ்டார்ட் வயர்களைச் சுருட்டிப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். கையில் நிச்சயம் இல்லாதவர்கள் அனுபவமுள்ள வயர்மேனிடம் கூலி கொடுத்துச் செய்துகொள்ளட்டும். கார் எரிந்தாலோ காணாமல் போனாலோ ஆகும் நட்டத்தோடு பார்த்தால் அந்தக் கூலி பெரிதல்ல. காலை ஷிப்டுக்குப் புறப்படும்போது கார் வாசலிலேயே நிற்க வேண்டும். ஏறும்போது அது சற்றுச் சூடாக இருந்தால் பாதகமில்லை.