நூலகம் உண்டு, நூலகர் எங்கே? கெடா தமிழ்ப்பள்ளிகள் கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2023ஆம் ஆண்டு புதிய கல்வியாண்டு தொடங்கியபோது, 28 பள்ளிகளில் நூலகர் பணியிடம் நீக்கப்பட்டிருந்தது. வகுப்பில் தொந்தரவு தரும் மாணவர்களை உட்கார வைத்து இயங்கலையில் பாடம் பார்க்கச் செய்யும் இடமாக நூலக அறைகள் மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டதும் பெற்றோர் தெருவுக்கு வந்தனர். பிலடெல்பியாவில் 200க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருந்தும், தகுதிபெற்ற நூலகர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளனர். கலிஃபோர்னியாவின் பல தொடக்கப்பள்ளிகளில் நூலகத்தைக் கவனித்துக்கொள்பவர் பகுதிநேர உதவியாளர்தான்.

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ இதைப் படிக்கும் பெற்றோர், நல்லவேளை இங்கே அப்படி இல்லை என்று நினைக்கலாம். ஆனால் அமெரிக்கப் பள்ளிகள் இன்று இழந்துகொண்டிருக்கும் முழுநேர நூலகர், மலேசியத் தொடக்கப்பள்ளிகளுக்குக் கிடைத்ததே இல்லை.

பெயர் உண்டு, நேரம் இல்லை

இந்நாட்டில் பள்ளி நூலகங்கள் 1980களில் ‘பள்ளி வள மையம்’ என்று பெயர் மாறின. புத்தகத்தோடு ஒலி, ஒளிக் கருவிகளும் அங்கே வந்து சேர்ந்தன. மையத்தின் பொறுப்பு ‘நூலக ஊடக ஆசிரியர்’ கையில் உள்ளது. 2005ஆம் ஆண்டில் கல்வியமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை இந்த நியமனத்தை முறைப்படுத்தியது. ஏட்டளவில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் உண்டு.

நடைமுறை வேறு. அந்த ஆசிரியர் முதலில் வகுப்பாசிரியர், பிறகு பாட ஆசிரியர், அதன் பிறகு புறப்பாடப் பொறுப்பாளர். மிஞ்சும் நேரத்தில்தான் நூலகம். கெடாவில் 50க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட ‘குறைந்த மாணவர்’ பள்ளிகள். பீடோங், பாடாங் செராய், கோலக் கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன, பள்ளிகள் சுருங்கின. மாணவர் குறைந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைகிறது. பொறுப்புகளின் பட்டியல் மட்டும் குறைவதில்லை. பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் வேலையை ஆறேழு பேர் சுமக்கும்போது, முதலில் கதவு சாத்தப்படுவது நூலகத்துக்குத்தான்.

வள மையத்துக்கான மானியமும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே வருகிறது. சிறிய பள்ளிக்குச் சிறிய தொகை. பட்டணத்துப் பெரிய பள்ளிக்குத் தொகை கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இடம் போதாமல் அங்கே நூலக அறையே வகுப்பறையாகிவிடும் அபாயம் உண்டு.

எனவே ஓய்வு நேரத்தில் புத்தகம் இரவல் கொடுப்பது ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களான நூலகப் பொறுப்பாளர்கள். அடுக்கி வைப்பது கூட்டுப்பணிக்கு வரும் பெற்றோர். இவர்களுடைய உழைப்பைக் குறை சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டலில் இவர்கள் இருந்தால் நூலகம் செழிக்கும். அவருக்குப் பதிலாக இவர்களே என்றாகும்போதுதான் சிக்கல்.

நூலகர் என்னதான் செய்கிறார்?

புத்தகத்தை அடுக்க யாராலும் முடியும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டுகிறாள் என்றால், அவள் கூச்சப்படாமல் முடிக்கக்கூடிய தமிழ்ப் புத்தகம் எது, அதை முடித்த பிறகு எது என்று அறிந்து கையில் கொடுப்பதுதான் நூலகரின் வேலை. தமிழில் இது இன்னும் கடினம். பேச்சுத்தமிழில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத்தமிழ் ஏறக்குறைய இன்னொரு மொழி. சென்னையிலிருந்து வரும் சிறுவர் நூல்களில் பல, இங்குள்ள பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டுவதில்லை. எது ஒட்டும் என்று தெரிந்து வாங்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நூலகத்தில் நன்கொடைதான் நூல்களைத் தேர்ந்தெடுக்கிறது. பழைய பாட நூல்கள், கனத்த கலைக்களஞ்சியம், பெரியவர்களுக்கான சமயச் சொற்பொழிவுத் தொகுப்பு என அலமாரி நிரம்பும். பிள்ளை எடுக்க ஒன்றும் இராது.

‘நீலாம்’ வாசிப்புத் திட்டம் 1998இல் அறிவிக்கப்பட்டது. படித்த நூல்களை இப்போது இயங்கலையில் பதிவு செய்கிறார்கள். எத்தனை புத்தகம் என்ற எண்ணிக்கையைக் கணினி சொல்லிவிடும். பிள்ளைக்குப் புரிந்ததா, பிடித்ததா என்று கேட்க ஓர் ஆள் தேவை. ஆள் இல்லாத இடத்தில் வாசிப்பு, பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிடும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1993இல் வெளியான ஓர் ஆய்வும், பிறகு பல மாநிலங்களில் நடந்த ஆய்வுகளும், நல்ல நூலகமும் தகுதியுள்ள நூலகரும் உள்ள பள்ளிகளில் வாசிப்புத் தேர்ச்சி கூடுதலாக இருப்பதைக் காட்டின. குடும்ப வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. நூலகர் மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நூலகம்தான் ஒரே நூலகம் என்பதை விளக்க ஆய்வு தேவையில்லை.

பயிற்சி எதற்கு என்பவர்களுக்கு

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானபோது அந்தத் துறையில் பயிற்சி இல்லாதவர். வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தார். இலண்டனுக்குப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் அவர் மனம் மாறியது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வரக் காரணமாக இருந்தார். கணித மேதைக்கே பயிற்சி தேவைப்பட்டது.

பயிற்சி இல்லாதவரை வைத்து ஒப்பேற்றுவது தோட்டத் தமிழர்களுக்குப் புதிதல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ ஆசிரியராக உட்கார்ந்தார். அவர்களில் நல்லவர்கள் உண்டு. ஆயினும், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று சமுதாயம் பல்லாண்டு போராடித்தான் அந்த நிலை மாறியது. வகுப்பறையில் ஏற்க மறுத்ததை நூலகத்தில் ஏற்றுக்கொள்வது ஏன்?

தமிழ் அறிந்த நூலகர்கள் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நாட்டில் நூலகவியல் கல்வியை 1968இல் தொடங்கிய மாரா கல்விக்கழகம், இன்றைய மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு உண்டு. அது ஒரு பட்டம் முடித்தவர்களுக்குத்தான். தமிழ்ப் பிள்ளைகளின் மேற்படிப்பு ஆசைகளில் மருத்துவம், சட்டம், கணக்கியல் இருக்கும் அளவுக்கு நூலகவியல் இல்லை.

செய்யக்கூடியது என்ன?

ஒவ்வொரு சிறிய பள்ளிக்கும் முழுநேர நூலகர் கேட்டால் அமைச்சு எண்ணிக்கையைக் காட்டி மறுக்கும். அருகருகே உள்ள ஐந்தாறு தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் என்று கேட்கலாம். பல பள்ளிகளுக்கு ஒரு மையம் என்ற ஏற்பாடு ஆசிரியர் நடவடிக்கை மையங்கள் வழி நாடு ஏற்கெனவே கண்டதுதான். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பள்ளி என்றால், ஞாயிறு முதல் வியாழன் வரை நடக்கும் கெடா பள்ளி வாரத்தில் ஐந்து பள்ளிகளைச் சுற்றிவிடலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. நூலக ஊடக ஆசிரியருக்குப் பாடவேளைகளைக் குறைக்கும்படி பள்ளி மேலாளர் வாரியம் தலைமையாசிரியரோடு பேசலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டால் போதும்: நூலகம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? கடந்த ஆண்டு எத்தனை தமிழ் நூல்கள் வாங்கப்பட்டன, தேர்ந்தெடுத்தவர் யார்? பொறுப்பாசிரியர் கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார்?

1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530. எஞ்சிய பள்ளிகளைக் காப்பது பற்றிய பேச்சில் கட்டடம், நிலம், மாணவர் சேர்க்கை மூன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன. அங்கே சேரும் பிள்ளை ஆறாண்டு முடிந்து வெளியேறும்போது ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்குமா என்பதும் அந்தப் பேச்சில் சேர வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரின் நாற்காலிதான் இப்போது காலியாக இருக்கிறது.