யார் வீட்டுச் சளி?

குழந்தைக்கு மார்ச்சளி கட்டிக்கொண்டதும், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை வாசித்தாகிவிடும். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி இழுத்ததில்லை" என்பார் மாமியார். "ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் பால் கொடுத்தால் வேறென்ன ஆகும்?" என்பாள் நாத்தனார். "அவர்கள் வீட்டில்தானே ஆஸ்துமா!" என்று பெண்ணைப் பெற்றவளும் தன் பங்குக்குச் சொல்லி வைப்பாள். நடுவில் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

பரம்பரைக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் அது மாமியார் நினைக்கிற சம்பந்தம் அல்ல.

வைட்டமின் டி எலும்புக்கு வேண்டிய சத்து என்பது தெரிந்த விஷயம். அது போதாவிட்டால் குழந்தையின் கால் வளைந்துவிடும். பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து மீன் எண்ணெய் ஊற்றியதெல்லாம் அதற்காகத்தான். இந்தச் சத்துக்கு இன்னொரு உத்தியோகமும் இருக்கிறது. வெயில் பட்டுத் தோலில் உண்டாகி, ஈரலில் பக்குவமடைந்து, ரத்தத்தில் சுற்றுகிறது. கிருமி நுழைந்ததும், காவல் நிற்கும் உயிரணுக்கள் அதை எடுத்து மறுபடி பக்குவம் செய்து, கதெலிசிடின் என்ற கிருமிக்கொல்லியைத் தயாரிக்கின்றன. காசநோய்க் கிருமியை வைத்து 2006-ல் விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள்.

சாவி இருந்தால் மட்டும் போதுமா? பூட்டும் சரியாக இருக்க வேண்டும். உயிரணுவுக்குள்ளே வைட்டமின் டி போய்ப் பொருந்துகிற பூட்டு ஒன்று உண்டு. அதைச் செய்யும் முறை ஒரு ஜீனில் எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இந்த ஜீன் இரண்டு பிரதி. ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தால் சில பிரதிகளில் பூட்டு சற்று நீளமாக அமைந்துவிடுகிறது: 424 மணி கோக்க வேண்டிய சரத்தில் 427 மணி. நீண்ட பூட்டு கொஞ்சம் மந்தம்.

கானடாவில் நெஞ்சுச் சளியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளையும் மற்றக் குழந்தைகளையும் ஒப்பிட்டு, 2008-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இரண்டு பிரதியுமே மந்தமாக வாய்த்தவர்கள் நோயுற்ற குழந்தைகளிடையே கூடுதலாக இருந்தார்கள். பார்த்தது நூற்றுச் சொச்சம் குழந்தைகளைத்தான். இதை வைத்துக் கடைசித் தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டும் மந்தமாக வேண்டுமானால் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வந்தாக வேண்டும். சம்பந்திகள் இருவரும் ஒரே கூண்டில்தான் நிற்க வேண்டும்!

"அப்படியானால் டி மருந்தை நிறையக் கொடுத்துவிட்டால் போயிற்று" என்று தோன்றும். காபூல் நகரில் 3,000-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பெரிய அளவாக ஒரு லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். நியூமோனியா குறையவில்லை என்று 2012-ல் முடிவு வந்தது. அதே ஆண்டு மங்கோலியாவிலிருந்து வேறு செய்தி. டி சத்து மிகவும் குறைந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் தினமும் 300 யூனிட் சேர்த்த பால் கொடுத்ததில், சளி, இருமல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இல்லாதவருக்குத் தினம் கொஞ்சமாகக் கிடைப்பது பலன் தருகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நமக்கு வெயிலுக்குப் பஞ்சமா என்று கேட்காதீர்கள். இந்தூரில் செய்த ஆராய்ச்சியில் (2004), கடுமையான நெஞ்சுச் சளி கண்ட குழந்தைகளிடம் இரண்டு குறைகள் அதிகம் தெரிந்தன: டி சத்துக் குறைவு, முதல் நான்கு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்காதது. தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது. ஆனால் அதில் டி மட்டும் சொற்பம். ஆகையால் பிறந்த குழந்தைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். அதை மறக்காமல் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று பெரிய அளவு மருந்தை வாங்கி ஊற்றாதீர்கள். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி வாந்தியும் மலச்சிக்கலும் வரும், சிறுநீரகமும் கெடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலுக்குச் சூடு உண்டு, டி கிடையாது.

அப்பா பீடி, சிகரெட்டை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் அரசாங்க அட்டவணையில் சேர்ந்திருக்கிறது. உங்கள் குழந்தைக்குப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள்.

சளி கண்டுவிட்டால், குழந்தை அழாத நேரம் பார்த்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே குழிந்தாலும், உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருக்கும்.